தன்னியக்கக் கியர்ப்பெட்டி எவ்வளவு காலம் உழைக்கும்?

மாணவர்களே, மோட்டார் வாகனத்தின் வலு ஊடுகடத்தல் தொகுதியைக் கற்கும்போது கிளச்சு, கையால் மாற்றும் கியர்ப்பெட்டி ஆகியவற்றின் தொழிற்பாட்டை அறிந்திருப்பீர்கள். தன்னியக்கக் கியர்ப்பெட்டிக்குப் பொதுவாக ஓரிரு பந்திகளே ஒதுக்கப்படுகின்றன. ஆனால் எமது வீதிகளில் ஓடும் கார்களுள் பெருந்தொகையானவை யப்பானில் ஏற்கனவே பாவிக்கப்பட்டு இங்கு வந்த தன்னியக்கக் கார்களாகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே, நெடுந்தூரம் ஓடிய காரின் கியர்ப்பெட்டி இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பது பரீட்சைக்கு மட்டும் உரிய வினா அன்று.

ஓர் எடுத்துக்காட்டுடன் தொடங்குவோம். வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க எண்ணும் ஒருவர் கடன் பெற்று ஒரு பழைய கார் வாங்கப் போகிறார். அவருக்கு இரண்டு கார்கள் காட்டப்படுகின்றன. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே ஆண்டு. முதலாவது கார் 85,000 கிலோமீற்றர் ஓடியது. கொழும்பு நகருக்குள்ளேயே பாவிக்கப்பட்டது. இரண்டாவது 190,000 கிலோமீற்றர் ஓடியது. ஏ-9 வீதியில் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பயணம் செய்தது. எந்தக் காரின் கியர்ப்பெட்டி கூடுதலாகத் தேய்ந்திருக்கும்? பெரும்பாலானோர் இரண்டாவது என்றே விடையளிப்பர். கியர்ப்பெட்டி பழுதானால் அதை மாற்றும் செலவு பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். எனவே இவ்விடை சரியா என்பதைக் காரணத்தோடு அறிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

கையால் மாற்றும் கியர்ப்பெட்டியில் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைப்பது கிளச்சு. தன்னியக்கக் கியர்ப்பெட்டியில் அவ்விடத்தில் முறுக்கு மாற்றி இருக்கிறது. வாய்களை எதிரெதிராக வைத்து மூடிய இரண்டு கிண்ணங்களைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டின் உட்புறத்திலும் அலகுகள் உள்ளன. உள்ளே முழுவதும் எண்ணெய். எஞ்சினுடன் இணைந்த கிண்ணம் சுழலும்போது எண்ணெயை மற்றைய கிண்ணத்தின் அலகுகள் மீது வீசி அடிக்கிறது. அதனால் அதுவும் சுழல்கிறது. ஓடும் மின்விசிறியின் முன்னால் ஓடாத விசிறி ஒன்றை வைத்தால் அது மெல்லச் சுழலத் தொடங்கும் அல்லவா? அதே தத்துவம்தான். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள மூன்றாவது அலகுச் சக்கரம், திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றி, புறப்படும் வேளையில் முறுக்கத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது.

முறுக்கு மாற்றிக்குப் பின்னால் கோள்சில்லுத் தொகுதிகள் உள்ளன. நடுவில் சூரியச் சில்லு, அதைச் சுற்றிக் கோள் சில்லுகள், வெளியே உட்பல் கொண்ட வளையச் சில்லு. இவற்றுள் எது நிறுத்தப்படுகிறது, எது சுழலவிடப்படுகிறது என்பதைப் பொறுத்துக் கியர் விகிதம் மாறுகிறது. நிறுத்துவதையும் இணைப்பதையும் செய்பவை தட்டுக் கிளச்சுகள். உருக்குத் தட்டின் மேல் நார்த்தாள் போன்ற உராய்வுப் படை ஒட்டப்பட்டிருக்கும். இத்தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்துவது எண்ணெயின் அமுக்கம். அந்த எண்ணெயை உரிய பாதைக்குத் திருப்புவது வால்வுத் தொகுதி.

இங்கு ஒரு விடயத்தைக் கவனியுங்கள். வலுவைக் கடத்துவதும், தட்டுகளை அழுத்துவதும், உராய்வைக் குறைப்பதும், வெப்பத்தைக் காவிச் செல்வதும் ஒரே எண்ணெய்தான். ஏ.ரி.எப். என்று கராஜ்களில் சொல்லப்படும் செந்நிற எண்ணெய் இது. இதை எஞ்சின் எண்ணெயைப் போன்ற மற்றொரு எண்ணெய் என எண்ணுவது மாணவர் விடும் பொதுவான தவறு.

திரளான உற்பத்திக்கு வந்த முதலாவது முழுத் தன்னியக்கக் கியர்ப்பெட்டி ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமெற்றிக் ஆகும். 1939 இல் அறிவிக்கப்பட்டு, 1940 ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்-5 இலகு தாங்கிகளிலும் இதுவே இருந்தது. அக்காலம் தொட்டு 1970களின் தொடக்கம் வரை இந்த எண்ணெயில் திமிங்கிலக் கொழுப்பெண்ணெய் சேர்க்கப்பட்டது என்றால் நம்புவீர்களா? கிளச்சுத் தட்டுகள் அதிராமல் மெல்லப் பற்றிக்கொள்ள அது உதவியது. எண்ணெய்த் திமிங்கிலம் பாதுகாக்கப்பட்ட பின்னர் அதற்குப் பதிலான இரசாயனப் பொருள்கள் கண்டறியப்பட்டன.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

முறுக்கு மாற்றியின் இரு கிண்ணங்களும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. இரண்டாவது எப்போதும் சற்றுப் பின்தங்கும். இதனை நழுவல் என்பர். நழுவலில் இழக்கப்படும் சக்தி எங்கே போகிறது? சக்திக் காப்பு விதிப்படி அது அழிய முடியாது; எண்ணெயில் வெப்பமாகச் சேர்கிறது.

ஒரு கணிப்பைச் செய்து பார்ப்போம். கம்பளையிலிருந்து றம்பொடை ஊடாக நுவரெலியாவுக்கு ஏறும் கார் ஒன்றின் எஞ்சின் 40 கிலோவாற்று வலுவை வழங்குகிறது எனவும், அவ்வேளையில் முறுக்கு மாற்றியின் வினைத்திறன் 85 சதவீதம் எனவும் கொள்வோம். வெப்பமாக இழக்கப்படும் வலு 40 இன் 15 சதவீதம், அதாவது 6 கிலோவாற்று. 1,000 வாற்று மின்னழுத்திகள் ஆறினை எண்ணெய்க்குள் அமிழ்த்தி வைத்ததற்கு இது சமனாகும். 5 நிமிடங்களில், அதாவது 300 செக்கனில், வெளிவரும் வெப்பம் 6,000 × 300 = 1,800,000 யூல். எண்ணெயின் திணிவு 6 கிலோகிராம், அதன் தன்வெப்பக் கொள்ளளவு ஏறத்தாழ 2,000 யூல்/கிலோகிராம்/பாகை செல்சியசு எனக் கொண்டால்,

வெப்பநிலை உயர்வு = 1,800,000 ÷ (6 × 2,000) = 150 பாகை செல்சியசு.

உண்மையில் கியர்ப்பெட்டியின் உலோகமும் வெப்பத்தின் ஒரு பகுதியை உறிஞ்சும். காற்றும் எண்ணெய்க் குளிராக்கியும் தொடர்ந்து வெப்பத்தை அகற்றும். எனவே உயர்வு இந்த அளவுக்குப் போகாது. ஆயினும் குளிராக்கி செயலிழந்தால் சில நிமிடங்களில் என்ன நேரும் என்பதை இக்கணிப்பு காட்டுகிறது.

காரை நிறுத்தி வைத்தபடி பிரேக்கையும் அக்சிலேற்றரையும் ஒருங்கே மிதித்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டாவது கிண்ணம் அசையாதிருப்பதால் முறுக்கு மாற்றிக்குள் செல்லும் வலு முழுவதும் வெப்பமாகிறது. பணிமனைகளில் செய்யப்படும் நிறுத்தச் சோதனையை 5 செக்கனுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்பது இதனாலேயே. கடுகண்ணாவை ஏற்றத்தில் வாகன நெரிசலில் நிற்கும்போது சிலர் பிரேக்கை விட்டுவிட்டு, பின்னால் உருளாதபடி அக்சிலேற்றரை மெல்ல மிதித்துக் காரைத் தாங்கி நிற்பார்கள். சாரதிக்குக் கால் வலிக்காது, கியர்ப்பெட்டிக்கு வலிக்கும்.

சமதரையில் ஓரளவு வேகத்துடன் ஓடும்போது இந்த நழுவல் இல்லை. முறுக்கு மாற்றிக்குள் இருக்கும் பூட்டுக் கிளச்சு இரு பக்கங்களையும் நேரடியாக இணைத்துவிடும். இவ்வமைப்பை 1949 இல் பக்கார்ட் கார் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. இன்றைய தன்னியக்கக் கார்களில் இது பொதுவாக உண்டு. பூட்டுக் கிளச்சு பூட்டியிருக்கும்வரை எண்ணெய் குளிர்ந்தே இருக்கும்.

வெப்பம் எதை அழிக்கிறது?

சூடான எண்ணெய் ஒட்சிசனுடன் தாக்கம் புரிந்து ஒட்சியேற்றம் அடைகிறது. செந்நிறம் கபில நிறமாகிறது; கருகிய மணம் வருகிறது; வார்னிசு போன்ற படிவு வால்வுகளில் ஒட்டுகிறது. இறப்பர் அடைப்புகள் இறுகி வெடிக்கின்றன. அடைப்பு கசிந்தால் அமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்தால் கிளச்சுத் தட்டுகள் இறுகப் பற்றாமல் நழுவும். நழுவினால் இன்னும் வெப்பம் பிறக்கும். ஆகவே கியர்ப்பெட்டியின் இறுதிக் காலம் மெல்ல மெல்ல வருவதில்லை. பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பின்னர் சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

கராஜ்களிலும் பயிற்சி நூல்களிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் ஓர் அண்ணளவு விதி உண்டு. எண்ணெயின் வெப்பநிலை 80 பாகை செல்சியசாக இருப்பின் அது 160,000 கிலோமீற்றர் வரை பயன்தரும். அதற்குமேல் வெப்பநிலை ஒவ்வொரு 11 பாகை உயரும்போதும் ஆயுள் பாதியாகும். அதாவது 91 பாகையில் 80,000. 102 பாகையில் 40,000. 113 பாகையில் 20,000. கணிதத்தில் நீங்கள் கற்ற பெருக்கல் விருத்தி இதுவே. பொது விகிதம் 1/2. இன்றைய செயற்கை எண்ணெய்கள் இவ்விதி சொல்வதைவிடக் கூடுதலாகத் தாங்கும். எனினும் விருத்தியின் போக்கு மாறாது. 33 பாகை வேறுபாடு ஆயுளை எட்டில் ஒன்றாக்குகிறது. ஆனால் காரின் தூரமானியில் அந்த வேறுபாடு எங்கும் பதிவாவதில்லை.

இரண்டு உண்மைச் சம்பவங்கள்

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் 2007 ஆம் ஆண்டு ரொயோற்றா துந்திரா வாகனம் ஒன்றை ஒன்பது ஆண்டுகளில் பத்து இலட்சம் மைல், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டினார். 2016 இல் ரொயோற்றா நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று, கழற்றி ஆராய எடுத்துக்கொண்டது. அதில் இருந்த எஞ்சினும் தன்னியக்கக் கியர்ப்பெட்டியும் முதலில் பொருத்தப்பட்டவையே. நாளொன்றுக்குச் சராசரியாக 490 கிலோமீற்றர் அளவில் அது ஓடியிருக்க வேண்டும் என்பதை நீங்களே வகுத்துக் காணலாம். வேலைக்காக நீண்ட நெடுஞ்சாலைகளில் ஓடிய வாகனம் அது, பராமரிப்பும் தவறவில்லை.

இதற்கு நேர்மாறானது அடுத்தது. 2004 ஏப்பிரலில் ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 11 இலட்சம் வாகனங்களைக் கியர்ப்பெட்டிக் குறைபாட்டுக்காகத் திருப்பி அழைத்தது. இரண்டாம் கியருக்குப் போதிய எண்ணெய் சென்றடையாததால் அது சூடேறிப் பல் உடையக்கூடும் எனக் கண்டறியப்பட்டது. 15,000 மைலுக்குக் குறைவாக ஓடியவற்றில் அந்தக் கியருக்கு எண்ணெய் கூடுதலாகச் செல்ல மாற்றம் செய்யப்பட்டது. அதற்கு மேல் ஓடியவற்றில் முதலில் கியரின் நிறம் வெப்பத்தால் மாறியுள்ளதா எனப் பார்க்கப்பட்டது. உருக்கு எவ்வளவு சூடேறியது என்பதை அதன் நிறமே சொல்லிவிடும். 16 இலட்சம் கிலோமீற்றர் ஓடியும் பழுதாகாத ஒன்று. 24,000 கிலோமீற்றரிலேயே ஐயத்துக்குள்ளானது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரிப்பது தூரம் அன்று.

சாதாரணமாகப் பராமரிக்கப்பட்ட தன்னியக்கக் கியர்ப்பெட்டி இரண்டரை முதல் மூன்று இலட்சம் கிலோமீற்றர் வரை உழைக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதை ஒரு சராசரியாக மட்டும் கொள்க.

எல்லாத் தன்னியக்கங்களும் ஒரே வகையின என்றும் எண்ண வேண்டாம். இங்கு ஓடும் பல சிறிய கார்களில் கோள்சில்லுக் கியர்களுக்குப் பதிலாக, இரு கப்பிகளுக்கிடையே இயங்கும் உருக்குப் பட்டி உள்ளது. சீ.வி.ரி. எனப்படுவது அதுவே. அதற்கு உரிய எண்ணெய் வேறு. மாற்றி ஊற்றினால் பட்டி கப்பியில் வழுக்கி இரண்டையும் கீறிவிடும். நிசான் நிறுவனம் 2009 இல் அமெரிக்காவில் தனது 2003–2010 சீ.வி.ரி. வாகனங்களுக்கான உத்தரவாதத்தைப் பத்து ஆண்டு அல்லது 120,000 மைல் வரை நீடித்ததிலிருந்து, அக்காலச் சீ.வி.ரி. பற்றிப் பாவனையாளருக்கு இருந்த அச்சத்தை ஊகிக்கலாம். பிரியஸ் போன்ற ரொயோற்றா கலப்பின வாகனங்களிலோ முறுக்கு மாற்றியும் இல்லை, கியர் மாற்றும் தட்டுக் கிளச்சுகளும் இல்லை. ஒரு கோள்சில்லுத் தொகுதியும் இரண்டு மின்மோட்டர்களும் அவ்வேலையைச் செய்கின்றன. தேயும் உராய்வுப் படை இல்லாதபடியால் இவ்வகை நீடித்து உழைக்கிறது.

பராமரிப்பு

எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும்? சில கார் நிறுவனங்கள் ஆயுட்கால எண்ணெய், மாற்றவே தேவையில்லை என்கின்றன. ஆனால் பல ஐரோப்பியக் கார்களுக்குக் கியர்ப்பெட்டி செய்து கொடுக்கும் ஜேர்மனியின் இசட்.எப். நிறுவனம், தனது கியர்ப்பெட்டிகளில் 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றப் பரிந்துரைக்கிறது. செய்தவர் சொல்வதைக் கேட்பதே நல்லது. யாருடைய ஆயுட்காலம் என்பதையும் கேட்டுப் பார்க்கலாம்: முதல் உரிமையாளரிடம் கார் இருக்கும் காலமா, மூன்றாம் கைக்கு வந்த பின்னரும் அது ஓட வேண்டிய காலமா?

"பழைய கியர்ப்பெட்டியில் எண்ணெய் மாற்றினால் பழுதாகிவிடும்" எனப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் பாதி உண்மை உண்டு. எண்ணெய் கறுத்து, தட்டுகள் தேய்ந்து, ஏற்கனவே நழுவத் தொடங்கிய கியர்ப்பெட்டியில், இயந்திரத்தால் அமுக்கிக் கழுவினால் ஒட்டியிருந்த படிவு கழன்று வால்வுகளில் சிக்கலாம். ஆயினும் அதைக் கொன்றது புதிய எண்ணெய் அன்று, மாற்றப்படாத பழைய எண்ணெயே. நன்றாக ஓடும் பழைய காரில் கீழ்த்தட்டால் வடித்து, வடித்த அளவையே மீண்டும் ஊற்றுவது பாதுகாப்பான முறை. இவ்வாறு வடிக்கும்போது முறுக்கு மாற்றிக்குள் இருக்கும் எண்ணெய் வெளிவராது. ஆகையால் ஒருமுறையில் ஒரு பகுதி மட்டுமே புதிதாகும். சில ஆயிரம் கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும்.

எண்ணெய்க் குளிராக்கி பல கார்களில் ரேடியேற்றரின் உள்ளேயே அமைந்துள்ளது. ரேடியேற்றருக்குக் கிணற்றுநீர் ஊற்றும் பழக்கம் இங்கேதான் கேடாகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல் ஆதலால் அங்குள்ள கிணற்றுநீர் வன்மையுடையது. கேத்தலின் அடியில் வெண்படிவு பிடிப்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். அதே கல்சியம் காபனேற்றுப் படிவு ரேடியேற்றர்க் குழாய்களிலும் பிடித்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. துரு பிடித்துக் குளிராக்கி துளைபட்டால் நீர் கியர்ப்பெட்டிக்குள் புகும். எண்ணெய் பால் கலந்ததுபோல் மாறும். தட்டுகளில் உராய்வுப் படையை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். உரிய குளிராக்கித் திரவத்தைக் காய்ச்சிவடித்த நீரில் கலந்து ஊற்றுவதற்கு ஆகும் செலவு இதனோடு ஒப்பிட மிகச் சிறிது.

பழுதான தன்னியக்கக் காரை நியூற்றலில் போட்டுக் கயிறு கட்டி இழுத்துச் செல்வதும் தவறு. எண்ணெய்ப் பம்பியை இயக்குவது எஞ்சின். எஞ்சின் நின்றிருக்கச் சில்லுகள் சுழன்றால் உள்ளே பாகங்கள் எண்ணெயின்றி உராயும். இயக்கும் சில்லுகளைத் தூக்கி வைத்தே கொண்டுசெல்ல வேண்டும்.

மாதிரி வினா

முற்கூறிய இரு கார்களையும் எடுத்துக்கொள்க. நகரக் கார் கிலோமீற்றருக்கு 2 தடவை நின்று புறப்படுகிறது. ஏ-9 கார் 10 கிலோமீற்றருக்கு ஒரு தடவை நின்று புறப்படுகிறது. ஒவ்வொரு புறப்பாட்டிலும் 3 தடவை மேற்கியருக்கு மாறும்.

அ. ஒவ்வொரு காரிலும் நிகழ்ந்த மேற்கியர் மாற்றங்கள் எத்தனை?

விடை: நகரக் கார் 85,000 × 2 × 3 = 510,000. ஏ-9 கார் (190,000 ÷ 10) × 3 = 57,000. பாதியிலும் குறைந்த தூரம் ஓடிய காரே ஏறத்தாழ ஒன்பது மடங்கு கியர் மாற்றங்களைக் கண்டுள்ளது. நெரிசலில் அதன் பூட்டுக் கிளச்சும் அரிதாகவே பூட்டியிருக்கும்.

ஆ. இதை மட்டும் கொண்டு இரண்டாவது காரை வாங்கலாமா?

விடை: முடியாது. எண்ணெய் மாற்றிய பதிவும், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றப்பட்டதா என்பதும் தெரிய வேண்டும். தூரமானி பின்னோக்கித் திருப்பப்பட்டிருக்கவும் கூடும். யப்பானிய ஏலத்தாள் இருப்பின் அதில் குறிக்கப்பட்ட தூரத்தோடு ஒப்பிடுக. அளவுகோல் உள்ள காராயின் அதை உருவி வெள்ளைத் துணியில் துடைத்து எண்ணெயின் நிறத்தையும் மணத்தையும் பார்க்க வேண்டும். பின்னர் எஞ்சின் நன்கு சூடேறும்வரை, குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். குளிர்ந்த எண்ணெய் தடிப்பாக இருப்பதால் இறுகிப்போன அடைப்புகளின் கசிவை மறைத்துவிடும். டி நிலைக்கு மாற்றியதும் கார் இழுக்கத் தாமதித்தாலோ, கியர் மாறும் இடையில் எஞ்சின் மட்டும் இரைந்தாலோ, சீரான வேகத்தில் கரடுமுரடான வீதியில் ஓடுவதுபோல் அதிர்ந்தாலோ, அந்தக் காரை விட்டுவிடலாம்.

இ. எண்ணெயின் வெப்பநிலை 124 பாகை செல்சியசாக இருப்பின், மேலே தரப்பட்ட அண்ணளவு விதிப்படி அதன் ஆயுள் எத்தனை கிலோமீற்றர்? விருத்தியின் ஐந்தாம் உறுப்பாகக் கொண்டு நீங்களே கணித்துப் பார்க்க.